நிற்காமல் போன வண்டி

மச்சான்,

இன்று காலை தாம்பரம் சானடோரியம் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு மணல் லாரி நின்றது. பிரேக் பிடித்துக்கொண்டு சூடேறிப்போன வண்டி. லைனிங் கருகும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால் வண்டியை விட்டு இறங்கியிருப்பாய். பல்லாவரத்தில் ஒருமுறை அப்படித்தான் இறங்கிப் போய், "அண்ணே, பின்னால ரைட்டு சக்கரம் புடிச்சிகினு கீது, ஓரம் கட்டு" என்று ஒரு டிரைவரிடம் சொல்லப்போய், அவனிடம் கண்டபடி திட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். சிரித்துக்கொண்டே வந்தாய். நான் இன்றைக்கு இறங்கவில்லை. பச்சை விழுந்தும் ஸ்கூட்டரை நகர்த்த மறந்து நின்றேன். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

ஷெட்டுக்கு வந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஸ்பேனரை எடுக்கிறேன், வைக்கிறேன். டீ சொல்லிவிட்டுக் குடிக்கவில்லை. கடைசியில் பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். நீ போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது ஐந்து வருஷமாக நீ என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்குப் பதில் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இனி என்னால் ஒரு நட்டைக்கூட முறுக்க முடியாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கெட்டதற்கு வர எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் நாம் இந்தத் தகர ஷெட்டைப் போட்டபோது பங்கு பிரித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் எனக்கு, பிரேக்கும் அடிப்பாகமும் உனக்கு. ஓட வைப்பவன் நான், நிற்க வைப்பவன் நீ. சோழிங்கநல்லூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரு சின்னக் காரை வாங்கி, அது உறுமவேண்டும், பறக்கவேண்டும், தரையோடு தரையாக இருக்கவேண்டும் என்று நம்மிடம் வருவார்கள். நான் தலையாட்டுவேன். நீ மறுப்பாய்.

ஒருவர் வந்து, "பாஸ், ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டி விட்டா வண்டி கீழ எறங்கிடும்ல? லுக்கா இருக்கும்" என்றார்.

"எறங்கும் சார். நல்லாவே எறங்கும். வேளச்சேரி ரோட்ல ஒரு பள்ளத்துல வுட்டீங்கன்னா ஸ்பிரிங் ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீங்க."

"மத்த ஷெட்ல எல்லாம் பண்ணித் தராங்களே."

"தருவாங்க சார். ஆனா அவங்க உங்ககூட வண்டில வர மாட்டாங்க. நாங்க வருவோம்."

அதுதான் நம் ஷெட்டின் வழக்கம். வேலை முடிந்த வண்டி முதல் தடவை ரோட்டில் இறங்கும்போது, அதில் கை வைத்தவன் உள்ளே உட்கார்ந்திருக்கவேண்டும். நான் எஞ்சினைப் பார்த்திருந்தால் நான், நீ பிரேக்கைப் பார்த்திருந்தால் நீ, இரண்டு பேரும் பார்த்திருந்தால் இரண்டு பேரும். அந்த வழக்கத்தை வைத்தவன் நீ. நம் ஷெட்டில் அதற்குப் பிறகு அரைகுறை வேலையே நடக்கவில்லை. அந்த ஸ்பிரிங் ஆசாமி போனதும் நான் உன்மேல் பாய்ந்தேன். வந்த ஆளை விரட்டுகிறாயே, உனக்குப் பைத்தியமா என்றேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு உசுரு மிச்சம்னு வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். உன்னிடம் சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது.

அப்புறம் நம் சிவப்பு வண்டி. நமக்கென்று நாமே வாங்கிய பழைய எண்ணூறு சிசி கார். அதில் ஆயிரம் சிசி எஞ்சின் ஒன்றை உட்கார வைத்து, நம் கைவேலைக்குச் சாட்சியாக வாசலில் நிறுத்தவேண்டும் என்பது என் ஆசை. பத்தே நாளில் எஞ்சினைத் தயார் பண்ணிவிட்டேன். நீ இரண்டு மாதம் இழுத்தாய். பெரிய டிஸ்க் வேண்டும், அதற்கேற்ற பூஸ்டர் வேண்டும், டயர் அகலம் போதாது, எஞ்சினைத் தாங்கும் இடத்தில் தகடு வைத்துப் பலப்படுத்தவேண்டும் என்று தினம் ஒரு வேலை. என் எஞ்சின் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நிக்கத் தெரியாத வண்டிக்கு இன்னாத்துக்குடா ஓட்டம்?" என்பாய்.

"ஓடாத வண்டி நின்னா என்ன, நிக்காட்டி என்ன?" என்பேன்.

"உனக்கு ஓட்டத்தான் தெரியும். பிரேக்க பத்தி உனக்கு ஒரு மண்ணும் தெரியாது." சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். இருந்தாலும் எனக்கு அது குத்தும். எல்லோர் முன்னாலும் சொல்வாயே, அதனால்.

பிரேக்கைச் சோதிக்க நீ ஒரு முறை வைத்திருந்தாய். காலையில் வண்டி ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருக்கும்போது ஏரி ரோட்டுக்கு எடுத்துப் போவாய். சாக்பீஸில் ஒரு கோடு. நாற்பதில் வந்து கோட்டைத் தொட்டதும் பிரேக். நின்ற இடத்தை அடிவைத்து அளப்பாய். நான் பத்துத் தடவை போட்டுப் பார்த்து ஆகா ஓகோ என்பேன். உனக்கு அந்த முதல் தடவை மட்டும்தான் கணக்கு. "சூடான பிரேக்க எவன் வேணா நம்பலாம் மச்சான். ரோட்ல குறுக்க வர்றவன், உன் பிரேக் சூடாவட்டும்னு காத்துகினு நிப்பானா?" என் எஞ்சினை ஏற்றியபிறகு நம் சிவப்பு வண்டி ஒரு வியாழக்கிழமை அந்தக் கோட்டில் பாஸானது. உன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் உன் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இங்கேதான் வருகிறது.

ரேஸ் கார்களுக்கு வேலை செய்கிற ஒருவனை எனக்குத் தெரியும். அவனிடம் கேட்டு ஒரு செட் பிரேக் பேட் வாங்கி வைத்திருந்தேன். ரேஸில் ஓடும் காருக்குப் போடுவது. பிரேக்கில் உன்னைவிட ஒரு படி மேலே போய்க் காட்டவேண்டும், ஒரு தடவையாவது நீ வாயைப் பிளக்கவேண்டும். அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. நீ ஜும்மா தொழுகைக்குத் தாம்பரம் போன நேரத்தில் முன்சக்கரங்களைக் கழற்றி, உன் பேட்களை எடுத்துவிட்டு, அந்த ரேஸ் பேட்களைப் போட்டேன். ஓரத்தைக் கொஞ்சம் தேய்க்கவேண்டியிருந்தது. நீ திரும்பி வருவதற்குள் வேலை முடிந்து சக்கரமும் மாட்டியாகிவிட்டது.

சூடு பண்ணி ஓட்டணும் என்று அவன் சொல்லியிருந்தான். பண்ணினேன். மத்தியான வெயிலில் மேடவாக்கம் வரை ஓட்டி, திரும்பத் திரும்ப பிரேக் அடித்துச் சூடேற்றினேன். அப்புறம் அது நின்ற நிலை இருக்கிறதே, ஆணி அடித்த மாதிரி நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சூடானால்தான் அது பிடிக்கும், ஆறிப்போனால் வழுக்கும், அதனால்தான் அது ரோட்டு வண்டிக்கு ஆகாது என்பது எனக்கு உறைக்கவில்லை. அவன் சொல்லியிருப்பான். நான் காதில் வாங்கியிருக்கமாட்டேன். நீ கோட்டைப் போட்டிருந்தால் முதல் தடவையிலேயே கண்டுபிடித்திருப்பாய். ஆனால் உனக்கு அது வியாழக்கிழமையே பாஸான வண்டி.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவளத்துக்குக் கிளம்பினோம். போகும்போது நான் ஓட்டினேன். ஷெட்டை விட்டு இறங்கிய முதல் திருப்பத்தில் மிதித்தபோது பெடல் கல் மாதிரி இருந்தது, வண்டி சாவகாசமாகத்தான் நின்றது. எனக்குத் தெரிந்தது மச்சான். நீ ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். போகப் போகச் சரியாகவும் ஆனது.

கோவளத்தில் டீக்கடையில் உட்கார்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீயே ஓட்டிப் பார்த்து, "இன்னாடா இது, இப்படி நிக்குது!" என்று கேட்கவேண்டும், அப்புறம் சொல்லவேண்டும் என்று ஆசை. அதற்காகச் சாவியை உன் கையில் கொடுத்தேன். வெளியே வண்டி மழையில் நனைந்து ஆறிக்கொண்டிருந்தது.

நீ கிளப்பினாய். என் எஞ்சின், கண்மூடித் திறப்பதற்குள் அறுபதுக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாப் தாண்டி, தலையில் மீன் கூடையோடு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஒரு அம்மா ரோட்டைக் குறுக்கே தாண்டினாள். நீ சரியான நேரத்தில் மிதித்தாய். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உன் கால் பெடல்மேல் அழுந்த ஊன்றியிருந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பின்பக்கம் ஒருபுறம் இழுத்துக்கொண்டு வண்டி சரிந்து போய் அவளைத் தட்டியது. ரோடெல்லாம் மீன். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்திருந்தது.

நீ அவளை ஒரு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். "வண்டியை நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். வண்டியைத்தான் பார்த்துக்கொண்டேன். மெதுவாக ஓட்டி ஷெட்டுக்குக் கொண்டுவந்து, சட்டைகூட மாற்றாமல், அந்தப் பேட்களைக் கழற்றி எறிந்துவிட்டு உன்னுடையதை மறுபடி போட்டேன். பயம். வெறும் பயம்தான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் நீ வந்தாய். சட்டையில் அவள் ரத்தம். நேராக வண்டியிடம் போய் நாலு சக்கரத்தையும் கழற்றினாய். டிஸ்க், பேட், ஹோஸ், பூஸ்டர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாய். அப்புறம் தரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாய்.

"எல்லாம் சரியாத்தான்டா கீது. அப்புறம் ஏன் நிக்கல?"

அதுதான் அந்தக் கேள்வி.

"ரோடு ஈரம்டா" என்றேன். நீ தலையாட்டினாய். நம்பவில்லை. ஈரத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? மறுநாள் ஏரி ரோட்டில் தண்ணீர் ஊற்றி, கோடு போட்டு, முதல் பிரேக் அடித்துப் பார்த்தாய். கச்சிதமாக நின்றது. நின்றதைப் பார்த்து நீ அழுதாய். என் கால்தான் தப்பு பண்ணியிருக்கும், மிதித்ததாக நினைத்துக்கொண்டு மிதிக்காமல் விட்டிருப்பேன் என்று உன்னையே குற்றம் சொல்லத் தொடங்கினாய். "நல்லாத்தான் மிதிச்ச, நான் பாத்தேன்" என்றேன். அந்த ஒரு உண்மையை மட்டும் சொன்னேன். அது உன்னை இன்னும் குழப்பியது.

ஊர்க்காரர்கள் பேசி, கேஸ் வேண்டாம், வைத்தியத்தை நீ பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அந்த அம்மா பெயர் அஞ்சலை. கால் கூடிவிட்டது, ஆனால் ஒரு பக்கம் சாய்த்துத்தான் நடந்தாள். கூடை சுமந்து தெருத்தெருவாகப் போக முடியாமல் பஸ் ஸ்டாப் ஓரமாக உட்கார்ந்து விற்றாள். நீ சிவப்பு வண்டியின் எஞ்சினை இறக்கச் சொன்னாய். பவர் ஏற்றும் வேலையே இனி வேண்டாம் என்றாய். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எப்போதும் சண்டை போடுகிற நான் ஏன் பேசவில்லை என்று உனக்குச் சந்தேகம் வரவே இல்லையா?

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக் கதவைத் தட்டியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உள்ளே வராமல், "கோவளத்துல கடல் உள்ள வந்துடுச்சாம்டா. அந்தக் காலை வச்சிகினு அந்தம்மா எப்படிடா ஓடியிருக்கும்?" என்றாய். பைக்கில் கிளம்பினோம். வழியெல்லாம் ஜனங்கள் எதிரே ஓடி வருகிறார்கள், நாம் மட்டும் உள்ளே போகிறோம். அவள் செத்திருந்தால் கொன்றவன் நான்தான் என்று எனக்கு மண்டைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்க வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் பைக்கோடு வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே போய்விட்டு வந்து, "உசுரோட கீறாங்கடா! தம்பி தோள்ல தூக்கிகினு ஓடியிருக்கான்" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். அப்போது சொல்லியிருக்கவேண்டும். நீ அழுதுகொண்டிருந்தாய், சொல்லவில்லை. எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசி முறை கேட்டாய். கண்ணெல்லாம் மஞ்சள். "ஏன்டா நிக்கல?" என்று, அது நேற்று நடந்த மாதிரி. வார்டில் அப்போது நாம் இரண்டு பேர்தான் விழித்திருந்தோம். நான் உன் போர்வையைச் சரி பண்ணி, "தூங்குடா" என்றேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் போனபிறகு உன் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டது. "அண்ணே, கோவளத்து அக்காவுக்கு நாம இன்னும் சேதியே சொல்லல. மாசாமாசம் போயிடுவாரு. ஏன் வரலன்னு அது பாத்துகினு இருக்கும். நீங்க போய்ச் சொல்லிட்டு வரீங்களா?" இல்லை என்று எப்படிச் சொல்வது? நேற்று பஸ் ஏறிப் போனேன்.

பஸ் ஸ்டாப் ஓரத்தில் ஒரு பலகைமேல் உட்கார்ந்து மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். சேதியைச் சொன்னதும் கத்தியைப் போட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ யாரு பாயிக்கு?" என்றாள்.

"பிரெண்டுமா. அன்னிக்கு வண்டில பக்கத்துல இருந்தவன்."

சட்டென்று மீன் கையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீதானா அது? எத்தினி வாட்டி கேட்டேன், அந்த ஆள இட்டாந்து காட்டு பாயின்னு! நீ கை பிரேக்க இசுக்கலன்னா நான் அன்னிக்கே செத்துப் பூட்டிருப்பேனாம். தப்பு பூரா என்னுது, உன் உசுரு அவன் குடுத்ததுன்னு வந்தப்பெல்லாம் சொல்லுவாரு."

மச்சான், என்னைப் பற்றி அப்படியா சொல்லி வைத்திருந்தாய்? ஐந்து வருஷமாகவா?

அவள் எனக்காக நல்ல சங்கரா மீனாகப் பொறுக்கி இலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் அதற்கப்புறம் நான் மனிதனே இல்லை. அங்கேயே, ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து, வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பேட் என்றால் என்னவென்று தெரியாது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற கட்டை, அதை மாற்றிவிட்டேன், அதனால் நிற்கவில்லை, அப்புறம் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். அது புரிந்தது. கை அப்படியே நின்றது.

"இத பாயிகிட்ட சொன்னியா?"

"இல்லமா."

"சாவறதுக்குள்ள கூடவா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"என் காலு போனா போவுது. நான் உக்காந்து வித்து பொழைச்சிக்கினேன். அந்த மனுசன் வந்தப்பெல்லாம் இந்தக் காலையே பாத்துகினு இருப்பாரு. எங்க தப்பு பண்ணேன்னு தெரிலியேமா, தெரிலியேமான்னு. தூக்கமே வரலன்னுவாரு. நீ பக்கத்துலயே இருந்துகினு பாத்துகினு இருந்தியா?" இலைப் பொட்டலத்தை என்னிடம் தரவில்லை, எடுத்தும் வைக்கவில்லை. நடுவில் கிடந்தது. "என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? போ. அவர்கிட்ட போய்ச் சொல்லு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் வரும்போது என் கையை மோந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நீ அவளிடம் சொல்லி வைத்த அந்த நல்லவனை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? என் தப்பைக்கூட இந்த ஐந்து வருஷத்தில் ஒரு மாதிரி சுமக்கப் பழகிவிட்டேன். இதைச் சுமக்கத் தெரியவில்லை. இனி காலம் முழுக்க இது என்னோடு இருக்கும்.

இந்தத் தாள்களை உன் வீட்டம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். அதுவும் உன்னைப் பிரேக்கைத் தவறவிட்ட ஆள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் அந்த வாசலில் எனக்கு இடம் இருக்குமா இல்லையா, தெரியாது. இல்லாவிட்டால் போகட்டும்.

உன் கால் சரியாகத்தான் மிதித்தது. உன் பிரேக் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அந்த வண்டியில் நீ போட்ட பிரேக் இல்லை, மச்சான். நான்தான் மாற்றினேன். தூங்குடா.